விளக்கைத் திறக்கலாமா? ‘ஓப்பன்’ என்ற சொல்லும் சீன நண்பர்களும்

கம்ப்யூட்டர் வாங்கிய முதல் நாளிலேயே நாம் சந்திக்கும் ஆங்கில வினைச்சொற்களைப் பட்டியல் போட்டால், அதில் முதல் சில இடங்களுக்குள் ‘ஓப்பன்’ வந்துவிடும். பைல் மெனுவைக் கிளிக் செய்தால் ஓப்பன். ஒரு படத்தின் மீது ரைட் கிளிக் செய்தால் ஓப்பன். இமெயிலுடன் வந்த இணைப்பைத் தொட்டால் அங்கும் ஓப்பன். எளிய சொல், பொருள் ‘திற’. இதில் கற்றுக் கொள்ள என்ன இருக்கிறது என்று நீங்கள் எண்ணலாம்.

நான் சென்னையில் ஒரு சாப்ட்வேர் நிறுவனத்தில் இன்ஜினியராகப் பணியாற்றுகிறேன். எங்கள் குழுவில் பாதிப் பேர் சீனாவில், ஷென்ஷென் நகரில் இருக்கிறார்கள். அவர்கள் பேசுவது சீன மொழி. நாங்கள் பேசுவது தமிழ். இடையில் பாலமாக இருப்பது ஆங்கிலம். எங்களுக்குள் சென்று வரும் இமெயில்களில் அதிகக் குழப்பம் தந்தது கடினமான டெக்னிகல் சொல் எதுவும் அல்ல. இந்த ‘ஓப்பன்’ என்ற சொல்லும், அதன் ஜோடியான ‘க்ளோஸ்’ என்ற சொல்லும்தான். சீன நண்பர்களுக்காக இந்த வினைச்சொல்லைப் பற்றி நான் சில குறிப்புகளைத் தயாரித்தேன். தயாரிக்கையில், இது புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கும் தேவையான விஷயம் என்று தோன்றியது. அவற்றையே இங்கு விரிவாகக் காணலாம்.

சீன மொழியில் ‘கை’

சீன மொழியில் ‘திற’ என்பதற்கான அடிப்படைச் சொல் ‘கை’. கிட்டத்தட்ட நம் ‘கை’ போலத்தான் ஒலிக்கும். ஆனால் முதல் எழுத்தைச் சற்று மூச்சுக் காற்றுடன், குரலை உயரத்தில் அப்படியே பிடித்துச் சொல்ல வேண்டும். இதற்கான பழைய எழுத்து வடிவத்தைப் பார்த்தால் இரட்டைக் கதவு ஒன்று தெரியும். அதன் நடுவே குறுக்குக் கட்டையை எடுக்கும் இரண்டு கைகள். தைவானிலும் ஹாங்காங்கிலும் இன்றும் இந்த வடிவத்தையே எழுதுகிறார்கள். சீனாவிலும் சிங்கப்பூரிலும் எழுதப்படும் எளிய வடிவில் கதவு போய்விட்டது. உள்ளே இருந்த பகுதி மட்டும் நிற்கிறது.

கதவைத் திறக்கப் பிறந்த இந்தச் சொல், அத்துடன் நிற்கவில்லை. ‘கை மென்’ என்றால் கதவைத் திற. ‘கை டெங்’ என்றால் விளக்கைப் போடு. டிவியைப் போடுவதற்கும் கை. கார் ஓட்டுவதற்கும் கை. கூட்டம் நடத்துவது ‘கை ஹுய்’. பூ மலர்வதற்கும், கம்பெனி தொடங்குவதற்கும், டாக்டர் மருந்துச் சீட்டு எழுதுவதற்கும், வேடிக்கையாகப் பேசி ஒருவரைக் கிண்டல் செய்வதற்கும் இதே கை. அடுப்பில் வைத்த தண்ணீர் கொதித்துவிட்டால் சீனர்கள் ‘தண்ணீர் திறந்துவிட்டது’ என்று பொருள்படும்படிச் சொல்வார்கள்.

இதன் எதிர்ச்சொல் ‘குவான்’. கதவை மூடவும், விளக்கை அணைக்கவும், டிவியை நிறுத்தவும், கம்ப்யூட்டரை ஆஃப் செய்யவும் குவான்தான்.

சீன மாணவர் ஒருவர் ஆங்கிலம் படிக்கத் தொடங்குகையில் என்ன நடக்கும் என்று இப்போது உங்களால் ஊகிக்க முடியும். பாடப் புத்தகத்தில் ஓப்பன் என்ற சொல்லுக்கு எதிரே ‘கை’ என்று இருக்கும். இரண்டும் ஒன்றுதான் என்று மனதில் பதிந்துவிடும். பிறகு விளக்கைப் போடச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘ஓப்பன் தி லைட்’ என்பார். டிவியை நிறுத்தச் சொல்ல ‘க்ளோஸ் தி டிவி’ என்பார். சிங்கப்பூர் சென்று வந்தவர்கள் ‘ஓப்பன் தி லைட்’ என்ற வாக்கியத்தை அங்கு காதால் கேட்டிருக்கலாம். சீன மொழி, மலாய், தமிழ், ஆங்கிலம் நான்கும் ஆட்சி மொழிகளாக இருக்கும் அந்த ஊரின் பேச்சு ஆங்கிலத்தில் இது சர்வ சாதாரணம்.

நாமும் அப்படித்தான்

இதைக் கேட்டுச் சிரிப்பதற்கு முன் நம் ‘போடு’ என்ற சொல்லை நினைத்துப் பாருங்கள். லைட்டைப் போடு, பேனைப் போடு, பாட்டுப் போடு, சட்டை போடு, காபி போடு, கோலம் போடு, கையெழுத்துப் போடு, சண்டை போடு. இத்தனைக்கும் ஒரே சொல். இதை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டு சென்று ‘புட் தி லைட்’, ‘புட் தி பேன்’ என்று சொல்பவர்கள் நம்மிடையே எத்தனை பேர்! சீனர் விளக்கைத் திறக்கிறார், நாம் விளக்கைப் போடுகிறோம், ஆங்கிலேயர் விளக்கைத் திருப்புகிறார். ஆங்கிலத்தில் ‘டர்ன் ஆன்’ என்பதில் உள்ள டர்ன், குழாயின் கைப்பிடியைத் திருகுவதைக் குறிக்கும் சொல். மின்சாரம் புதிதாக வந்தபோது ஒவ்வொரு மொழியும் தன் கையில் இருந்த பழைய சொல் ஒன்றை எடுத்து அதற்குக் கொடுத்துவிட்டது. அவ்வளவுதான்.

அப்படியானால் ஆங்கிலத்தில் ஓப்பன் எங்கு வரும்? சீன நண்பர்களுக்கு நான் தந்த எளிய அளவுகோல் இதுதான். மூடியிருக்கும் ஒன்றை விலக்கி, அதன் உள்ளே இருப்பதைப் பார்க்கவோ எடுக்கவோ உள்ளே செல்லவோ வழி செய்தால் அது ஓப்பன். கதவு, பெட்டி, புத்தகம், கடிதம், கண், வாய், பைல், போல்டர் எல்லாம் இதில் அடங்கும். நின்று கொண்டிருக்கும் ஒரு சாதனத்துக்கு மின்சாரத்தை விட்டு இயங்க வைத்தால் அது டர்ன் ஆன் அல்லது ஸ்விட்ச் ஆன். லைட், டிவி, மானிட்டர், கம்ப்யூட்டர் ஆகியவை இதில் வரும்.

இந்த அளவுகோலை வைத்து ஒரு சின்னப் பரீட்சை. ‘ஓப்பன் தி கம்ப்யூட்டர்’ என்று ஒருவர் சொன்னால் என்ன பொருள்? சீன நண்பரின் மனதில் இருப்பது கம்ப்யூட்டரை ஆன் செய்வது. ஆனால் ஹார்ட்வேர் டெக்னீஷியனின் காதில் அது கேபினட்டின் ஸ்குரூவைக் கழற்றி உள்ளே பார்ப்பதாக விழும். இரண்டும் எத்தனை வேறுபட்ட வேலைகள்!

ஓப்பன் என்றால் ஆஃப் ஆகும் இடம்

வேடிக்கை போலத் தெரியும் இந்தச் சொல், ஓர் இடத்தில் ஆபத்தாகவும் மாறும். இன்ஜினியரிங் கல்லூரியில் எலெக்ட்ரிகல் லேபில் முதல் வாரத்திலேயே சொல்லித் தருவது இது. ‘ஓப்பன் சர்க்யூட்’ என்றால் மின் பாதை துண்டிக்கப்பட்டிருக்கிறது, மின்சாரம் பாயாது. ‘க்ளோஸ்டு சர்க்யூட்’ என்றால் பாதை முழுமையாக இணைந்திருக்கிறது, மின்சாரம் பாயும். எனவே ஒரு ஆங்கில மேனுவலில் ‘ஓப்பன் தி பிரேக்கர்’ என்று இருந்தால், பிரேக்கரை ஆஃப் செய்து மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும் என்று பொருள்.

இந்த வரியை ஓப்பன் என்றால் கை என்று படித்த ஒருவர் பார்த்தால் என்ன நினைப்பார்? சீன மொழியில் ஸ்விட்சுக்கே பெயர் ‘கைகுவான்’, அதாவது திறப்பு-மூடல். அதில் கை என்றால் ஆன், குவான் என்றால் ஆஃப். ஆகவே ‘ஓப்பன் தி பிரேக்கர்’ என்பதை ஆன் செய்யச் சொல்வதாக எடுத்துக் கொள்ள எல்லா வாய்ப்பும் உண்டு. அதாவது நேர் எதிர்ப் பொருள். மின்சாரம் இல்லை என்று நம்பி ஒருவர் வயரில் கை வைத்திருக்கும் நேரத்தில் இந்தக் குழப்பம் நேர்ந்தால் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. சீன இன்ஜினியர்கள் தங்கள் மொழியில் இந்த இடத்தில் வெறும் கை என்று எழுதுவதில்லை. முன்னால் ‘துண்டி’ என்ற பொருள் தரும் சொல்லைச் சேர்த்து ‘துவான்கை’ என்று எழுதிவிடுவார்கள். ஆங்கிலத்தில்தான் அந்த முன்சொல் இல்லை.

இதே பகுதியில் உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் ஒரு செய்தி உண்டு. டெஸ்க்டாப் கம்ப்யூட்டரின் பின்புறம், பவர் கேபிளைச் செருகும் இடத்தின் அருகே, பெரும்பாலும் ஒரு சிறிய ஸ்விட்ச் இருக்கும். அதன் ஒரு பக்கம் நேர்க்கோடும், மறு பக்கம் வட்டமும் போட்டிருக்கும். வட்டத்தை ஆங்கில ‘ஓ’ எழுத்து என்று எண்ணி, ஓப்பன் என்பதன் சுருக்கம் என்று கொள்ள வேண்டாம். வட்டம் என்றால் ஆஃப். கோடு என்றால் ஆன். மொழி தெரியாதவருக்கும் புரிய வேண்டும் என்பதற்காக உலகம் முழுவதும் பயன்படுத்தப்படும் குறியீடுகள் இவை. புதிய கம்ப்யூட்டர் இயங்கவில்லை என்று சர்வீஸ் ஆளுக்குப் போன் செய்வதற்கு முன், இந்த ஸ்விட்ச் கோட்டின் பக்கம் அழுத்தப்பட்டிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சீன விண்டோஸில் ஓப்பன்

சீன மொழியில் உள்ள விண்டோஸ் கம்ப்யூட்டரைப் பார்த்தால் ஒரு வியப்பு காத்திருக்கும். மெனு முழுவதும் சீன எழுத்துகள். பைலைத் திறப்பதற்கு ‘தாகை’ என்ற சொல் இருக்கும். அதை அடுத்து அடைப்புக்குறிக்குள் ‘ஓ’ என்ற ஒரு ஆங்கில எழுத்து மட்டும் தனியாக நிற்கும். சேவ் செய்யும் கட்டளைக்குப் பக்கத்தில் ‘எஸ்’ என்ற எழுத்து நிற்கும். இவை எதற்கு?

ஆங்கில விண்டோஸில் ஆல்ட் கீயை அழுத்தினால் மெனுச் சொற்களில் ஒரு எழுத்தின் கீழ் கோடு விழுவதை நீங்கள் பார்த்திருக்கலாம். அந்த எழுத்துக்கான கீயை அழுத்தினால் அந்தக் கட்டளை செயல்படும். சீனச் சொல்லில் கோடு போட ஆங்கில எழுத்து ஏது? எனவே சொல்லுக்குப் பின்னால் அதைத் தனியாக வைத்துவிட்டார்கள். கண்ட்ரோல் கீயுடன் ஓ கீயை அழுத்தினால் பைலைத் திறக்கும் விண்டோ கிடைப்பது சீனாவிலும் அப்படியே. ஓப்பன் என்ற சொல்லே தெரியாத சீனரும் தினமும் அதன் முதல் எழுத்தைப் பார்த்துக் கொண்டிருக்கிறார்.

தைவானில் இதே கட்டளைக்கு வேறு சொல். அங்கு ‘கைச்சி’ என்று இருக்கும். எழுத்து வடிவமும் பழையது. ஆனால் இரண்டிலும் ‘கை’ உள்ளே இருக்கிறது.

கவனிக்க வேண்டிய செய்தி இன்னொன்று. கம்ப்யூட்டரை ஆன் செய்வதற்குச் சீன மொழியில் ‘கைஜி’ என்று தனிச் சொல் உண்டு. இயந்திரத்தைத் திற என்று பொருள். ஷட் டவுன் செய்வது ‘குவான்ஜி’. பைலைத் திறப்பது தாகை, மூடுவது ‘குவான்பி’. ஆக, சீன மொழியில் எழுதும்போது அவர்களுக்கு எந்தக் குழப்பமும் இல்லை. ஆங்கிலத்துக்கு மாறும்போதுதான் கைஜி, தாகை இரண்டும் ஓப்பன் என்ற ஒரே சொல்லில் வந்து விழுகின்றன. குவான்ஜி, குவான்பி இரண்டும் க்ளோஸ் ஆகிவிடுகின்றன.

ஒரு வரி இமெயில், ஒரு இரவு வேலை

எங்கள் குழுவில் நடந்ததைச் சொல்கிறேன். ஷென்ஷென் அலுவலகத்தில் உள்ள ஒரு கம்ப்யூட்டரில் நாங்கள் சென்னையிலிருந்து நெட்வொர்க் வழியாக இணைந்து, இரவு முழுவதும் ஓடும் டெஸ்ட் ஒன்றை வெள்ளிக்கிழமை மாலை தொடங்கியிருந்தோம். அன்று இரவு அங்கிருந்து ஒரு நண்பர், தன் வேலை முடிந்ததும் கம்ப்யூட்டரை க்ளோஸ் செய்துவிட்டுப் போவதாக ஒரு வரி எழுதியிருந்தார். இங்கு படித்தவர்கள் அவர் திறந்து வைத்திருந்த விண்டோக்களை மூடிவிட்டுச் செல்வார் என்று எடுத்துக் கொண்டார்கள். அவர் எழுதியதோ குவான்ஜியின் நேரடி மொழிபெயர்ப்பு. சொன்னபடியே ஷட் டவுன் செய்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலை இங்கிருந்து இணைக்க முயன்றால் பதில் இல்லை. டெஸ்ட் பாதியில் நின்றிருந்தது. ஷட் டவுன் செய்யப்பட்ட அந்தக் கம்ப்யூட்டரைத் தொலைவிலிருந்து எழுப்பும் வசதி அமைக்கப்படவில்லை. எனவே சனிக்கிழமை அன்று ஒருவர் பஸ் பிடித்து அலுவலகம் சென்று பவர் பட்டனை அழுத்த வேண்டியதாயிற்று. திங்களன்று தர வேண்டிய ரிப்போர்ட் ஒருநாள் தள்ளிப் போனது.

அவர் முன்கூட்டியே தெளிவாகத்தான் சொல்லியிருந்தார். படித்தவர்களும் ஆங்கிலத்தைச் சரியாகத்தான் படித்தார்கள். யார் மீதும் கோபப்பட வழியில்லாத சிக்கல் அது. அதன் பிறகுதான் ஒவ்வொரு சொல்லுக்கும் என்ன பொருள் என்று ஒரு பட்டியல் தேவை என்று இரு அலுவலகங்களும் முடிவு செய்தன.

லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். ஆங்கிலத்தில் ‘க்ளோஸ் தி லேப்டாப்’ என்றால் மூடியைக் கவிழ்ப்பது. அவ்வாறு மூடினால், செட்டிங்ஸில் மாற்றம் செய்யாத விண்டோஸ் லேப்டாப் பொதுவாக ஸ்லீப் நிலைக்குத்தான் செல்லும். பேட்டரி சிறிது சிறிதாகச் செலவாகிக் கொண்டிருக்கும். ஷட் டவுன் ஆகாது. விண்டோவை மூடுவது, மூடியை மூடுவது, கம்ப்யூட்டரை நிறுத்துவது ஆகிய மூன்றும் மூன்று வேலைகள். நம் பேச்சிலும் மூன்றையும் ‘க்ளோஸ் பண்ணிட்டேன்’ என்றுதானே சொல்கிறோம்?

விண்டோஸுக்கும் வினைச்சொல் உண்டு

இது சாப்ட்வேர் எழுதுபவர்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு செய்தி. ஒரு பைலின் மீது ரைட் கிளிக் செய்தால் வரும் மெனுவில் ஓப்பன், எடிட், பிரின்ட் போன்ற கட்டளைகள் இருக்கின்றன அல்லவா? மைக்ரோசாப்ட் நிறுவனம் தன் டெக்னிகல் கையேடுகளில் இவற்றுக்கு வைத்துள்ள பெயரே ‘வெர்ப்’, அதாவது வினைச்சொல். பைலை டபுள் கிளிக் செய்கையில், அந்த வகை பைலுக்கென முன்கூட்டியே குறித்து வைத்துள்ள வினைச்சொல்லை விண்டோஸ் எடுத்துச் செயல்படுத்துகிறது. பெரும்பாலும் அந்த வினைச்சொல் ஓப்பன்தான்.

ஆனால் படத்துக்கு ஓப்பன் என்றால் படத்தைக் காட்டுவது. பாட்டுக்கு ஓப்பன் என்றால் பாடுவது. டெக்ஸ்ட் பைலுக்கு ஓப்பன் என்றால் எழுத்துகளைக் காட்டுவது. புரோகிராம் பைலுக்கு ஓப்பன் என்றால் அந்தப் புரோகிராமை ரன் செய்வது, அதாவது அதில் எழுதியுள்ள கட்டளைகளை எல்லாம் உங்கள் கம்ப்யூட்டர் நிறைவேற்றுவது. சொல் ஒன்றே, பின்னால் வரும் பொருள் மாற மாற வேலை மாறுகிறது. சீன மொழியின் கை செய்யும் அதே வேலையை, விண்டோஸுக்குள் ஓப்பன் செய்து கொண்டிருக்கிறது!

விண்டோஸ் கீயுடன் ஆர் கீயை அழுத்திப் பாருங்கள். ரன் என்ற தலைப்புடன் ஒரு சிறிய பாக்ஸ் கிடைக்கும். விண்டோஸ் 95 காலத்திலிருந்தே, ரன் என்ற தலைப்பு கொண்ட அந்த பாக்ஸில் நீங்கள் டைப் செய்யும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்து வந்த சொல் ஓப்பன். சீன விண்டோஸிலும் தலைப்பு ‘யுன்ஷிங்’, அதாவது இயக்கு. உள்ளே தாகை, அதாவது திற.

இந்த இரட்டைப் பொருளால் உலகமே ஒருமுறை பாதிக்கப்பட்டது. 2000-ஆம் ஆண்டு மே மாதம் பிலிப்பைன்ஸ் நாட்டிலிருந்து கிளம்பிய ‘ஐ லவ் யூ’ என்ற வைரஸ் இமெயில் வழியாகப் பரவியது. அதில் காதல் கடிதம் என்று பெயரிட்ட ஒரு பைல் இணைக்கப்பட்டிருந்தது. பைல் பெயரின் நடுவில் டெக்ஸ்ட் பைலைக் குறிக்கும் ‘டிஎக்ஸ்டி’ என்ற எழுத்துகள். கடைசியில் ‘விபிஎஸ்’ என்ற எழுத்துகள். விபிஎஸ் என்றால் இயங்கக் கூடிய ஸ்கிரிப்ட், அதாவது சிறு புரோகிராம். ஆனால் விண்டோஸ் தனக்குத் தெரிந்த எக்ஸ்டென்ஷன்களைத் திரையில் காட்டாமல் மறைத்துவிடும். எனவே பலருக்கு அது வெறும் டெக்ஸ்ட் பைல் போலவே தெரிந்தது. கடிதத்தைத் திறந்து படிப்பதாக நினைத்து டபுள் கிளிக் செய்தார்கள். நடந்தது புரோகிராமை இயக்கியது. அது படங்கள் உள்ளிட்ட பைல்களை அழித்து அந்த இடத்தில் தன் பிரதியை எழுதியது. அவுட்லுக் அட்ரஸ் புத்தகத்தில் இருந்த அனைவருக்கும் தன்னைத் தானே அனுப்பிக் கொண்டது.

எனவே முன்பின் தெரியாத இணைப்பை ஓப்பன் செய்யாதீர்கள் என்று சொல்வதைவிட, ஓப்பன் செய்தால் அது காட்டப்படுமா அல்லது இயங்குமா என்று முதலில் பாருங்கள் என்பதே சரியான அறிவுரை. அதற்கு எக்ஸ்டென்ஷன் கண்ணில் பட வேண்டும். விண்டோஸ் 11-ல் பைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து, வியூ என்பதைக் கிளிக் செய்து, ஷோ என்ற பிரிவில் ‘பைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதன் பின்னர் பெரும்பாலான பைல்கள் முழுப் பெயருடன் காட்டப்படும். ‘இஎக்ஸ்இ’, ‘விபிஎஸ்’, ‘பிஏடி’ போன்றவற்றில் முடிந்தால் அது இயங்கும் வகை. தெரிந்தவர் அனுப்பியிருந்தாலும் அவருக்குப் போன் செய்து கேட்ட பிறகே கை வைக்க வேண்டும். இந்தப் பட்டியலில் இல்லாத பைல் என்பதாலேயே அது பாதுகாப்பானது என்றும் முடிவு செய்ய வேண்டாம்.

ஓப்பன், ஓப்பன்ஸ், ஓப்பண்ட்

சீன நண்பர்கள் தடுமாறும் அடுத்த இடம் இலக்கணம். சீன வினைச்சொல் காலத்துக்கோ ஆளுக்கோ ஏற்ப வடிவம் மாறாது. நான், நீ, அவள், நேற்று, நாளை எதுவானாலும் கை என்றால் கைதான். செயல் நடந்துவிட்டது என்று காட்ட ‘ல’ என்ற சிறு ஒலியைச் சேர்ப்பார்கள். நேரத்தை நேற்று, நாளை போன்ற சொற்களால் சொல்வார்கள். எனவே ஆங்கிலத்தில் எழுதுகையில் முடிவில் சேர்க்க வேண்டிய எழுத்துகள் விட்டுப் போகும். ‘சர்வர் ஓப்பன் 9 மணி’ என்ற பாணியில் ஒரு வரி வந்தால், 9 மணிக்குத் திறந்தாயிற்றா, இனிமேல்தான் திறப்பார்களா என்று தெரியாது. திறந்தேன், திறக்கிறேன், திறப்பேன் என்று வடிவத்திலேயே காலத்தைக் காட்டிப் பழகிய நமக்கு இந்தச் சிக்கல் குறைவு.

ஆனால் ஓப்பன் என்ற சொல்லில் நமக்கும் ஒரு பொறி உண்டு. அது வினைச்சொல்லாகவும் வரும். நிலையைச் சொல்லும் பெயரடையாகவும் வரும். ‘தி பைல் இஸ் ஓப்பன்’ என்றால் பைல் இப்போது திறந்திருக்கிறது. ‘தி பைல் வாஸ் ஓப்பண்ட் அட் 9’ என்றால் பைல் 9 மணிக்குத் திறக்கப்பட்டது. கடை திறந்திருக்கிறது என்பதற்கு ‘தி ஷாப் இஸ் ஓப்பன்’ என்பதே சரி. ‘ஓப்பண்ட்’ என்று எழுதுவது சீன மாணவர்கள் அடிக்கடி செய்யும் தவறு. அப்படியானால் மூடியிருக்கிறது என்பதற்கு ‘இஸ் க்ளோஸ்’ என்று எழுதலாமா? கூடாது. அங்கு ‘க்ளோஸ்ட்’ என்றுதான் வர வேண்டும். வெறும் க்ளோஸ் என்று எழுதினால் அருகில் இருக்கிறது என்று பொருள் மாறிவிடும். ஜோடிச் சொற்கள் என்றாலும் இரண்டுக்கும் ஒரே விதி இல்லை.

இந்த வேறுபாடு தெரிந்தால் விண்டோஸ் காட்டும் ஒரு செய்தி எளிதாகப் புரியும். ஒரு பைலை டெலீட் செய்யும்போது, அந்த பைல் வேறொரு புரோகிராமில் ‘ஓப்பன்’ ஆக இருப்பதால் வேலையை முடிக்க முடியவில்லை என்று சில நேரம் செய்தி வரும். பதறிப் போய் பைலைத் திறக்க வேண்டும் என்று பொருள் கொள்ள வேண்டாம். பைல் ஏற்கனவே திறந்திருக்கிறது என்று விண்டோஸ் சொல்கிறது. அந்தப் புரோகிராமில் பைலை மூடிவிட்டு மீண்டும் டெலீட் செய்தால் போதும்.

எந்தச் சொல், எதனுடன்?

எங்கள் குழுவில் பயன்படுத்தும் பட்டியலின் சுருக்கம் இது.

1. ஓப்பன்: பைல், போல்டர், விண்டோ, இமெயில், லேப்டாப்பின் மூடி. புரோகிராமையும் ஓப்பன் செய்வதாகச் சொல்லலாம்; தவறில்லை.

2. டர்ன் ஆன்: கம்ப்யூட்டர், மானிட்டர், பிரின்டர், வைஃபை, புளூடூத், லைட், பேன்.

3. ஸ்டார்ட்: கம்ப்யூட்டர், சர்வர், புரோகிராம், கூட்டம்.

4. ரன்: புரோகிராம், வைரஸ் ஸ்கேன், டெஸ்ட்.

5. க்ளோஸ்: பைல், விண்டோ, பிரவுசரின் டேப்.

6. ஷட் டவுன்: கம்ப்யூட்டர் மட்டும். லைட்டுக்கும் டிவிக்கும் டர்ன் ஆஃப்.

7. சைன் அவுட்: உங்கள் அக்கவுண்டிலிருந்து வெளியேறுவது. கம்ப்யூட்டர் ஓடிக் கொண்டேதான் இருக்கும்.

சீன நண்பர்களிடம் நான் சொன்ன வழியையே உங்களுக்கும் சொல்கிறேன். வினைச்சொல்லைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டாம். எக்ஸெலில் ஒரு ஒர்க்‌ஷீட்டைத் திறந்து மூன்று காலம் அமையுங்கள். முதல் காலத்தில் வினைச்சொல், இரண்டாவதில் அதனுடன் வரும் பெயர்ச்சொல், மூன்றாவதில் என்ன நடக்கிறது என்பதைத் தமிழில் எழுதுங்கள். கம்ப்யூட்டர் திரையில் புதிதாக ஒரு கட்டளையைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு வரி சேருங்கள். ஒரு மாதத்தில் ஐம்பது வரிகளாவது சேர்ந்துவிடும். டேட்டா மெனுவில் உள்ள சார்ட் கட்டளையைக் கொண்டு வினைச்சொல் வாரியாக வரிசைப்படுத்திப் பாருங்கள். ஒரே சொல் எத்தனை விதமான வேலைகளுக்கு வருகிறது என்பது பளிச்சென்று தெரியும்.

அத்துடன் ஒரு பழக்கம். கம்ப்யூட்டர் உங்களிடம் ஏதாவது கேட்டால், பட்டனில் உள்ள சொல்லை மட்டும் படித்துவிட்டு ஓகே அழுத்தாதீர்கள். எதை ஓப்பன் செய்யவா, எதை க்ளோஸ் செய்யவா என்று கேட்கிறது என்பதையும் சேர்த்துப் படியுங்கள். அந்த ‘எதை’ என்பதில்தான் முழுப் பொருளும் இருக்கிறது.